இரண்டு தட்டு

முதல் இருபத்தைந்து மணி நேரம்
தனியாகத்தான் பறக்கவேண்டும். சட்டம் அப்படி.
ஆகவே என் இருக்கையில்
இரண்டு மணல் மூட்டைகள்.
தோள்வார் போட்டு இறுக்கியதும்
என்னைவிட ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன.
எண்பத்திரண்டு கிலோ.
"நீ தொண்ணூறு" என்றாள் ஹலீனா,
"மீதி எட்டும் வாய்."

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சஸ்காட்செவனின் சரளைச் சாலைகளில், பனியில், சேற்றில்,
முப்பது வருடமாக
ஒரு குழந்தையையும் நேரந்தவறி இறக்காதவள்.
ஆறு குளிர்காலம் அவள் கொட்டகையில்
அவள் வெளியே ரிவெட் துப்பாக்கியோடு,
நான் இறக்கைக்குள் தோள்வரை கைவிட்டு
இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்தபடி.
காதை அடைத்தபின் பேச்சு கிடையாது.
உள்ளேயிருந்து தகரத்தில் தட்டுவதுதான் மொழி:
ஒரு தட்டு, இன்னும் கொஞ்சம்.
இரண்டு, சரி.
மூன்று, பிடுங்கி எறி.
பதினோராயிரம் ரிவெட்.
கட்டியவளோடுகூட நான்
இவ்வளவு பேசியதில்லை.

மே மாதம், காற்றில்லாத ஒரு விடியல்.
ஓடுதளப் புல்லில் தரை அணில்கள் தோண்டிய குழிகளை
மண்வெட்டியால் மூடிக்கொண்டே நடந்தேன்.
தீயணைப்பானை மடியில் வைத்து
சூரியகாந்தி விதை கொறித்தான் பெட்ராஷ்.
சக்கரம் எப்போது எழும்பியது என்று பார்க்கவில்லை.
நிழல் கழன்று தனியே ஓடியதைத்தான் பார்த்தேன்.

ரேடியோவில் கேட்டேன்: எண்ணெய்ச் சூடு எவ்வளவு?
பதில் இல்லை.
மறுபடி கேட்டேன்.
பெட்ராஷ் கொறிப்பதை நிறுத்தினான்.
அப்புறம் பொத்தானை அழுத்திவிடும் சத்தம்,
கிளிக். கிளிக்.
இரண்டு.
பதினொரு நிமிடம் பறந்தாள். இறங்கியதும்
முதல் வார்த்தையாகக் கேட்டது கழிப்பறைச் சாவி.

இரண்டாம் முறையே சொன்னாள்:
வலது இறக்கை சாய்கிறது.
கட்டைவிரலளவு மரத்துண்டை
பின்விளிம்பில் நாடா சுற்றி ஒட்டினோம்.
கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.
ஆறாம் முறை, ஐயாயிரம் அடியில்
மூக்கைத் தூக்கி, வேகத்தைச் சாகவிட்டு,
விழுகிறதா என்று பார்த்தாள்.
இறைச்சல் நின்றது. நான் வானத்தைப் பார்க்கவில்லை.
"வலதுதான் முதலில் போகிறது" என்றது ரேடியோ,
பேருந்தில் ஒரு பையன் பெயரைச் சொல்கிற தொனியில்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நான்காவது குளிர்காலம், ஜனவரி,
மைனஸ் முப்பத்தெட்டு. மணி பதினொன்று.
ஹீட்டர் செத்து, விரல்கள் என்னுடையவையாக இல்லை.
இறக்கை வேர்ப்பக்கம் ஒரு ரிவெட்
கோணலாக நசுங்கியது தெரிந்தது, தொட்டும் பார்த்தேன்.
வீட்டுக்குப் போகவேண்டும்.
இரண்டு தட்டு தட்டினேன்.

காலையில் போய்ச் சொன்னேன்.
ஒரு ரிவெட்டால் இறக்கை சாயாது,
அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும்.
திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.
காப்பியைக் கீழே வைத்தாள்,
விளக்கை எடுத்தாள்,
சோதனைத் துளையின் எட்டுத் திருகுகளையும்
மெதுவாகக் கழற்றினாள்.
"எது?"

தெரியவில்லை.
நான் நினைத்த வரிசையில் எல்லாம் நேராக இருக்கின்றன.
அடுத்த வரிசையில் எல்லாமே
கொஞ்சம் கோணல்போல இருக்கின்றன.
கை உள்ளே, கன்னம் குளிர்ந்த தகரத்தில்,
ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் மூட்டைகள்
பொறுமையாக என் இடத்தில்.
இன்னும் பத்தொன்பது மணி நேரம் பாக்கி.

வெளியே அவள் காதடைப்பான் எதுவும் போடாமல்
பேசாமல் நிற்கிறாள்.
தட்டுக்காகக் காத்திருக்கிறாள்.
நான் முதலிலிருந்து
மறுபடி தடவத் தொடங்குகிறேன்.